பாதிக் கூடை

உப்பளத்தில் பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை செய்வார்கள். ஒருத்தி கூடையை நிரப்புவாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க, சுமக்கிறவள் சற்றுக் குனிந்து சும்மாட்டில் வாங்கிக்கொண்டு வரப்பில் நடப்பாள். ஈர உப்பின் கனத்தை யாராலும் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஜோடி வராத நாளில் வேலையும் கிடையாது.

2006இல் எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு ஜோடி போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி என் அக்கா. மற்றவள் என் நாத்தனார், கணவரின் தங்கை. என் கணவர் அங்கே மேஸ்திரி. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஊர் மகளிர் குழுவுக்குச் செயலாளரும் நான்தான்.

அக்காவின் கணவர் கடலோரக் குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். சுனாமி வந்த அன்று அவர்களுடைய பிள்ளைகள் இரண்டும் கரையில் இருந்தன. அதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதியதில்லை, இப்போதும் எழுதவில்லை. இரண்டாவது பிறந்த கையோடு அக்கா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் போன பிறகு, கட்டியதைப் பிரித்துச் சேர்த்துவைக்கும் ஆபரேஷனுக்குப் புதுச்சேரி போனாள். மாதங்கள் கடந்தன, ஒன்றும் தங்கவில்லை. மாமா சென்னைக்கு வேலைக்குப் போனார், அக்கா என்னிடம் வந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று அவளாகவே உப்பளத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

நாத்தனார் அடுத்த தெருவில் இருந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பையன் அப்போதும் பால் குடித்துக்கொண்டிருந்தான். அவள் கணவர் லாரியில் லோடுமேன். வந்தால் வருவார், வராவிட்டால் யாரும் கேட்க முடியாது.

அவள் மறுபடியும் உண்டாகியிருப்பது முதலில் அக்காவுக்குத்தான் தெரிந்தது. கூடை ஏற்றும்போது இரண்டு முகங்களும் அவ்வளவு பக்கத்தில் வரும். மூச்சை அடக்குகிற விதத்தில், கூடையின் விளிம்பை வயிற்றில் படாமல் தள்ளிப் பிடிக்கிற விதத்தில் கண்டுகொண்டாள். எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவளுக்குப் பாதிக் கூடைதான் நிரப்பினாள்.

"ஏன்டி அவளுக்கு மட்டும் பாதி?" என்று பக்கத்துப் பாத்தியிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

"உன் கூடைய நீ பாரு. மேஸ்திரி கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

என் கணவர் கேட்கவில்லை. அந்த நாட்களில்தான் அக்கா மறுபடியும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன், காரணம் புரியவில்லை.

ஆடிப்பெருக்குக்கு முந்திய வாரம் மகளிர் குழுக் கூட்டம். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் வைக்க வேண்டிய தீர்மானங்களை முன்கூட்டியே பேசி முடிப்பது எங்கள் வழக்கம். சில மாதங்களுக்கு முன்புதான் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண், கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு இறந்துபோயிருந்தாள். அதைச் சொல்லி ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கருக்கலைப்புக்கு டாக்டர் வேண்டும் என்று தீர்மானம் கேட்டார். அதையே சொல்லி இன்னொருவர், ஊரில் கருவைக் கலைக்கிறவர்களுக்கு அபராதம் வேண்டும் என்றார். இருவருமே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறவர்கள். ஆளுக்குப் பாதிக் குழு பின்னால் நின்றது.

அபராதத்துக்காக எல்லோரையும்விட உரக்கப் பேசியவள் என் அக்கா.

"கடல் அத்தனை புள்ளைங்கள வாரிக்கிட்டுப் போச்சி. இருக்கறத நாமளே கலைக்கிறதா? போடுங்க அபராதம்."

"போடலாம். யாரு கட்டறது, புருஷனா பொண்டாட்டியா? அதையும் எழுதச் சொல்லுங்க" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சுமக்கறது ஊரா? தீர்மானம் போட்டா வயித்துல இருக்கறது எறங்கி ஊர்த் தலைவர் வயித்துல ஏறிக்குமா?" என்றாள் இன்னொருத்தி. அதற்கும் சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. நாத்தனாரைப் பார்த்துத் திரும்பினாள்.

"இவகிட்ட கேளுங்க. காலையில கூடை ஏத்தறப்போ சொல்றா, கலைச்சிடப் போறேன்னு. ஏம்மா, கலைக்காத. பெத்து எங்கிட்ட குடுத்துடு. நான் வளத்துக்கறேன்."

நாத்தனார் உண்டாகியிருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கூட்டத்தில் இருந்த இருபது பெண்களுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கூட்டத்தின் கண்ணில் அது படவில்லை. "பாரு, முடிஞ்சிதே பிரச்சினை. சாமி பாத்துக் குடுத்தது" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் சொன்னார்கள். அன்று இரண்டு கட்சியும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

நாத்தனார் மடியில் இருந்த பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"பெத்துக் குடுத்துட்டு, தெனம் அத உன் இடுப்புல பாத்துக்கிட்டு நான் உப்பு வாரணுமாக்கா? அது அழுதா எனக்குப் பால் சொரக்குமே, அப்ப நான் எங்க போவேன்?"

"அது உசுரோட இருக்குமே" என்றாள் அக்கா.

"இருக்கும். நான்?"

அவள் போய்விட்டாள். நான் இரண்டு தீர்மானங்களையும் முடிவாகாதவை என்று எழுதிவைத்தேன்.

மறுநாள் அக்கா அவளுக்குக் கூடையை விளிம்புவரை நிரப்பினாள். மேலே இன்னும் ஒரு மண்வெட்டி உப்பைக் குவித்து, கையால் தட்டி அழுத்தினாளாம். இருவரும் தூக்கினார்கள். நாத்தனார் சுமந்துகொண்டு போனாள். அடுத்த நடையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. மதியம் சாப்பிட வந்த என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார். "உங்க அக்காவ என்னால ஒண்ணும் சொல்ல முடியல" என்றார். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

சாயங்காலம் நான் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"கூட இருக்க ஒரு பொம்பள வேணும்னு கேப்பாங்க அண்ணி. ஊரு பூராத் தெரிஞ்சிபோச்சி, இனிமே எவ வருவா? நீங்க வந்தா பசங்கள யாரு பாப்பாங்க, அண்ணன் வேலைக்கு எப்படிப் போவாரு? அந்தக் குச்சி வைக்கிற அம்மாகிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம வரச் சொல்லுது."

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கும் அவள்தான் வைத்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"திண்டிவனம் பஸ் காலையில எத்தன மணிக்கு?"

மூவருமாகப் போனோம். பிள்ளைகளை என் கணவர் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் அக்கா மடியில் ஒரு பை. அதில் பழைய நூல் புடவை, துண்டு, ஃபிளாஸ்க், பிரட் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பிரசவத்துக்குப் போகிற வீட்டில் அடுக்குவது போல.

அரசு மருத்துவமனையில் நர்ஸ், "கூட இருக்கறது யாரு?" என்று கேட்டார்.

"நான்" என்றாள் அக்கா.

"நீ என்னம்மா வேணும் அவளுக்கு?"

அக்காவுக்குச் சொல்ல வரவில்லை. உறவு முறையாக யோசித்தால் நேரடியாக ஒரு பெயர் இல்லை.

"ஜோடி" என்றாள் கடைசியில். நர்ஸ் நிமிர்ந்து பார்க்க, "உப்பளத்துலங்க. நான்தான் கூடை ஏத்தி விடறது" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டு, "சரி, ஏத்தி விடு வா" என்று உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே போனதும், இனிமேல் குழந்தை உண்டாகாமலிருக்க ஆபரேஷனும் சேர்த்துச் செய்துவிடச் சொன்னது நாத்தனார்தான். கருவைக் கலைப்பதற்கே கூட நின்ற அக்காவால் அதற்கு நிற்க முடியவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"ஆபரேஷன் பண்ணிக்காதன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. எனக்கு ஆனது அவளுக்கும் ஆவும்னு சொல்ற மாதிரி இருக்காது? அதான் வந்துட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். விலக்கிக்கொண்டாள்.

"நான் மனசு மாறிட்டேன்னு நெனச்சிக்காத. தப்புதான். இன்னிக்கும் தப்புதான். ஆனா இவ அந்தக் குச்சியில போயிட்டா, அந்த மூணும் தெருவுல நிக்குமே. புள்ளைங்க இல்லாம நான் நிக்கறேன். அம்மா இல்லாமப் புள்ளைங்க நிக்கறதையும் நான் பாக்கணுமா?"

அழுதுவிட்டு, முகம் கழுவி, டீ வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வீட்டுக்கு அனுப்புகிறவரை அவள்தான் கூட இருந்தாள். அந்த நாட்களில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "ஒண்ணும் பேசல. அவ தூங்கனா, நான் முழிச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

கிராம சபையில் அபராதத் தீர்மானமும் வரவில்லை, டாக்டர் தீர்மானமும் வரவில்லை. நான் எழுதிக்கொண்டுபோன ஒன்றை மட்டும் படித்தேன். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால், மகளிர் குழுவிலிருந்து ஒருத்தி கூடப் போக வேண்டும்; காரணம் கேட்கக் கூடாது. முதலில் கை தூக்கியவள் அக்கா. அவளைப் பார்த்து அபராதம் கேட்டவர்களும், அவர்களைப் பார்த்து டாக்டர் கேட்டவர்களும் தூக்கினார்கள். தேர்தலில் நின்ற இருவரும் அது தங்கள் யோசனை என்று வீடு வீடாகச் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்கு முன்னால் கடைசி உப்பு வாரும் நாட்களில் நாத்தனார் வேலைக்குத் திரும்பினாள். அன்று பள்ளி விடுமுறை. கணவருக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். வரப்பிலிருந்து பார்த்தேன். அக்கா உப்பை வாரிப் போட்டுக்கொண்டே வந்து, கூடை பாதியானதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

நாத்தனார் கூடையைப் பார்த்தாள்.

"இப்பதான் எனக்கு ஒண்ணும் இல்லியேக்கா."

"தெரியும்" என்றாள் அக்கா. "சும்மாட்ட நேரா வை."

இருவரும் குனிந்து தூக்கினார்கள். அவள் வரப்பின் கோடிக்குப் போய்ச் சேரும்வரை அக்கா அங்கேயே நின்றாள், வெறுங்கையோடு.