படையலில் இருந்த கட்டை

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் அப்பா, சித்தப்பா, நான். அம்மா இல்லை. காலையில் ஆயுத பூஜையை முடித்துவிட்டு, விரிஞ்சிபுரத்தில் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். தொண்ணூறுகளின் கடைசி, மாதனூர் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் சித்தப்பாவும் ஏலத்தில் எடுத்த பழைய புல்டோசர்தான் எங்கள் பிழைப்பு. சித்தப்பா ஓட்டுவார். அப்போது ஒரு ஷூ கம்பெனிக்கு நிலம் சமன் செய்துகொண்டிருந்தோம். வண்டி போன தடத்திலெல்லாம் நடுவில் வரப்பு மாதிரி மண் நின்றது. "நாளைக்குள்ள மட்டமாகலன்னா வேற வண்டிய இட்டாந்துருவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அப்பா வண்டியின் முன்னால் மண் தள்ளும் பிளேடின் அடி விளிம்பில் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தார். நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் இடையே என் கை நுழைந்தது. மண்ணை வெட்டுவது, அடியில் போல்ட் போட்டு முடுக்கிய பட்டைதான், அது தேய்ந்திருந்தது. கழற்றித் தலைகீழாக மாட்டினால் தேயாத விளிம்பு கீழே வந்துவிடும். செலவே இல்லை.

"இன்னிக்குப் பூஜையாச்சே" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். "வண்டிய ஓட்டப் போறதில்லடா. அதுக்குச் செருப்ப மாத்திப் போடறோம், அவ்ளோதான்."

படையலில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டித்தான் எடுப்போம். எங்கள் ஸ்பேனரெல்லாம் அங்கே இருந்ததால், சித்தப்பா பக்கத்து லாரி ஷெட் பாயிடம் வாங்கி வந்தார். ஆனால் கட்டைக்கு எங்கே போவது? இன்ஜினை நிறுத்தினால், தூக்கிய பிளேடு தானாக மெல்ல இறங்கும். அதனால் ஜோலார்பேட்டையில் வாங்கிய ரயில்வே ஸ்லீப்பர் கட்டையை அடியில் கொடுத்துவிட்டுத்தான் கை வைப்போம். அதற்கும் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்துப் படையலில் சேர்த்திருந்தார்.

நான் எடுக்கப் போனேன். "வேணாம்டா, உங்கம்மா வெச்சது. வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார் அப்பா. கட்டைக்குப் பதில் செங்கல் அடுக்கினோம்.

பாதி போல்ட் கழன்றிருந்தது. சித்தப்பா அடியில் கைவிட்டு ஒரு நட்டைப் பிடித்திருந்தார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், செங்கல் உடைந்து பிளேடு இறங்கிவிட்டது. சித்தப்பா "தூக்குண்ணா" என்று மட்டும் சொன்னார். அப்பா இன்ஜினைக் கிளப்பித் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாய்தான் சித்தப்பாவைத் தன் லாரியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் அம்மா வந்தார். நேரே படையலுக்குப் போய், கற்பூரம்கூடக் காட்டாமல், குங்குமத்தோடு அந்தக் கட்டையை இழுத்துவந்து பிளேடுக்கு அடியில் தள்ளினார்.

"கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றார்.

பட்டையைத் திருப்பி மாட்டினோம். அப்பாவே ஓட்டினார். நிலம் மட்டமாகிவிட்டது, வேலையும் கைவிட்டுப் போகவில்லை.

இப்போதும் ஆயுத பூஜைக்குக் கட்டையைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். ஆனால் படையலுக்குக் கொண்டுபோவதில்லை, பிளேடுக்கு அடியிலேயே இருக்கிறது. பொட்டு வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்கு ஓடும்: செலவே இல்லை என்று தொடங்கிய வேலைக்கு எங்கள் குடும்பம் கொடுத்தது, சித்தப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள்.