லடாக்குக்கு முன் இறம்பொடை

வெள்ளிக்கிழமை விடியும் முன் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து புறப்பட்டோம். மோட்டார் சைக்கிளை ஓட்டியது நான். பின்னால் என் வீட்டுக்காரர் தயாபரன். வத்தளை தாண்டும் வரை கடைகள் திறக்கவில்லை. நீர்கொழும்பு வீதியில் மீன் லொறிகள் மட்டும்.

இது செப்டெம்பர் பயணத்துக்கு ஒரு பரீட்சை. செப்டெம்பரில் லடாக் போக எண்ணம். டெல்லிக்கு விமானம், அங்கிருந்து லே. லேயில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் மணல் பாலைவனமும் உண்டு, பதினேழாயிரம் அடிக்கு மேலே ஏறுகிற கணவாயும் உண்டு. கூட்டிப் போகிறவர் நுகேகொடை ருவன். இரண்டு முறை போய் வந்தவர். அவர் அனுப்பிய செய்தியில் இலையுதிர் காலம் என்று இருந்தது.

"இலை விழுற காலமாம்" என்றார் தயாபரன்.

"விழட்டும். மழை இருக்கா?"

"இல்லையாம்."

எனக்கு அது போதும்.

நான் கூரியர் பொதி கொண்டு போய்க் கொடுக்கிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொழும்பில் நான் ஓட்டாத சந்து, ஒழுங்கை கிடையாது. என் ஓட்டத்தில் ருவனுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் பின்னால் இருக்கிறவர் மேல்தான். போன மாதம் அவிசாவளைப் பக்கம் லடாக் போகிற எல்லோரும் சேர்ந்து ஓட்டிப் பார்த்தபோது ருவன் எங்களுக்குப் பின்னால் வந்தார். நிறுத்திய இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, அய்யா நல்ல மனுஷன். ஆனா ரோட்டுல பெண்ட் வந்தா அவர் மத்தப் பக்கம் போறார். அங்க அப்பிடிப் போனா ரெண்டு பேரும் கீழ."

மோட்டார் சைக்கிள் வளையும்போது உள்பக்கம் சாயும். பின்னால் இருப்பவரும் கூடச் சாய வேண்டும். இவர் பயத்தில் வெளிப்பக்கம் சாய்கிறார். இது எங்கள் இருவருக்குமே தெரியாமல் இருந்தது. இவருக்கு வெள்ளவத்தையில் தையல் கடை. வருடக்கணக்காக ஒவ்வொரு காலையும் நான்தான் ஏற்றிப்போய் இறக்குகிறேன். காலி ஊருக்குப் போகும் காலி வீதி நேர் வீதி. இவர் பிறந்த சாவகச்சேரியிலும் மலை இல்லை. பின்னால் நல்லாக இருக்கத் தெரிந்தவர் என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார்.

லடாக்கில் எங்களுக்குப் பின்னால் வரும் ஜீப்பில் சாமானுக்கு மட்டும்தான் இடம். திங்கட்கிழமை ருவன் டிக்கெட் எடுக்கிறார். ஞாயிறு இரவுக்குள் ஒரு ஆளா இரண்டு ஆளா என்று நான் சொல்ல வேண்டும். தயாபரன் வர முடியாவிட்டாலும் நான் போவேன். அதையும் வீட்டில் சொல்லிவிட்டேன்.  அடுத்த வாரம் அவர் கம்பளித் துணி உள்ளே வைத்து இரண்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டு வந்தார். ஒன்று எனக்கு. மற்றது அவருக்கு.

புத்தளத்தில் பிளேன்டீ குடித்தோம். ஒன்று அறுபது ரூபா. அனுராதபுரம், மதவாச்சி தாண்டி மன்னார் வீதி. கிட்டத்தட்ட எண்பத்தைந்து கிலோமீட்டர், பெரும்பாலும் நேராகப் போகிறது. தயாபரன் விடாமல் கதைத்துக்கொண்டு வந்தார். குளம், மாடு, லடாக்கில் விற்கும் அப்ரிகொட் பழம். நேர் வீதியில் அவருக்கு வாய் நிற்காது. நான் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

பின்னேரம் தலைமன்னார். முனைக்குப் போகிற பாதை மணல். காற்று பக்கவாட்டில் அடித்தது. முதலில் இருவருமாகப் போனோம். பத்து மீட்டர் போவதற்குள் முன் சக்கரம் புதைந்து சாய்ந்தோம். கொழும்பில் இரண்டு விரல் எப்போதும் பிரேக்கில் இருக்கும். பஸ் எந்த நேரம் குறுக்கே வரும் என்று தெரியாது. மணலில் அந்த இரண்டு விரல்தான் விழுத்துகிறது. விரலை எடுத்தேன். அவரை இறக்கிவிட்டேன். கால்மிதியில் எழுந்து நின்று ஓட்டினேன். சக்கரம் அலைந்தது, ஆனால் போனது. முனை வரை போய்த் திரும்பி வந்தேன்.

அவர் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு மணலில் நடந்து வந்தார். வியர்த்து ஒழுகியது.

"ஏன் அதைப் போட்டிருக்கிறீங்க?"

"துணியைச் சோதிக்கிறன். நீர் பறந்தீரப்பா."

உண்மை. தனியாக ஓட்டியது சுகமாக இருந்தது. 

பேசாலையில் தங்கினோம். அறை நாலாயிரம். அறை தந்த வீட்டுப் பெண் மோட்டார் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கொழும்பில இருந்து நீங்களோ ஓட்டினீங்க? அப்ப இவர் என்ன செய்தவர்?"

"நான் கதைச்சனான்" என்றார் தயாபரன்.

"அதுவும் பெரிய வேலைதான்" என்று சிரித்துவிட்டுப் பொரித்த பாரை மீன் கொண்டுவந்து வைத்தார்.

சனிக்கிழமை முழுக்க ஓட்டம். தம்புள்ளை, மாத்தளை, கண்டி. கம்பளையில் படுத்தோம்.

ஞாயிறு காலை ஏற்றம் தொடங்கியது. புசல்லாவை வரை சமாளித்தோம். இறம்பொடையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக வருகின்றன. தூறல், பனிமூட்டம், மேலே இருந்து இறங்கும் மரக்கறி லொறிகள். நேர்த் துண்டில் கதைத்துக்கொண்டு வந்தவர், வளைவு தெரிந்ததும் வாயை மூடினார். என் இடுப்புப் பட்டியை இறுக்கிப் பிடித்தார். நான் இடது பக்கம் சாய்த்தேன். அவர் வலது பக்கம் போனார். வண்டி வளையாமல் நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்து ஒதுங்கினான்.

ஓரத்தில் நிறுத்தினேன்.

"நான் சாயிற பக்கம் சாயுங்க."

"சாய்ஞ்சா விழுந்துபோடுவம்."

"சாயாட்டித்தான் விழுவோம்."

"மூளைக்கு விளங்குது. உடம்பு கேக்குதில்லை."

அவர் வண்டியில் இருந்து இறங்கினார்.  மேலே ஒரு தேநீர்க் கடை இருந்தது. அது வரை அவர் நடந்து வந்தார். நான் தனியாக ஓட்டிப்போய்க் காத்திருந்தேன். கடைக்காரர் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, மேலருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பைக்கு ஒரு பக்கம் போவுது, அய்யா ஒரு பக்கம் போறாரு. வீட்டுல சண்டையா?"

"இல்லை."

"சண்டைன்னா இறங்கிப் போட்டுக்கலாம்ல?"

தயாபரன் வந்து உட்கார்ந்தார். தேநீரைக் குடித்து முடித்தார்.

"நீர் தனியப் போம், ரெஜினா. படம் எடுத்து அனுப்பும். ஜாக்கெட் ரெண்டையும் கொண்டு போம். ஒண்டு நனைஞ்சா மற்றது."

 சரி என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நுவரெலியாவுக்குப் போய்ச் சொல்வோம் என்று வண்டியை எடுத்தேன்.

முடிவு சொல்லிவிட்டதாலோ என்னவோ அவர் கொஞ்சம் தளர்ந்து இருந்தார். அடுத்த இடது வளைவில் ஒரு நீர்வீழ்ச்சி. அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் இடது காதில் கத்தினார்.

"இஞ்ச பாரும், தண்ணி! வேட்டி காயப்போட்ட மாதிரி!"

வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல வளைந்தது. கோட்டைத் தொடவே இல்லை.

அடுத்தது வலது வளைவு. அவர் வாயை மூடினார். வண்டி முரண்டு பிடித்தது.

எனக்குப் பிடிபட்டது. இடது காதுக்குக் குனிந்தால் உடம்பு தானாக இடது பக்கம் வருகிறது. என் தோளுக்கு மேலால் வீதியைப் பார்ப்பார், பள்ளத்தைப் பார்க்க மாட்டார்.

நிறுத்தாமலே சொன்னேன். "இடது முடக்கு வந்தா இடது காதில கதையுங்க. வலது வந்தா வலது காதில."

"என்ன கதைக்க?"

"இவ்வளவு நாள் என்ன கதைச்சீங்களோ அதை."

கதைத்தார். வெள்ளவத்தைக் கடை வாடகை இடது காதில். பிளவுஸ் கை இறுக்கம் என்று திருப்பிக் கொண்டுவந்த வாடிக்கைக்காரி வலது காதில். லீக்ஸ் தோட்டம், தேயிலைத் தொழிற்சாலை, என் மாமியாரின் மூட்டு வலி. ஒவ்வொரு வளைவும் சுத்தமாகப் போனது. நுவரெலியா வந்தபோது குளிர் விரல் எலும்பில் இறங்கியது. ஜாக்கெட்டுக்குள் இறங்கவில்லை.

அங்கே நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

"நீங்க வாறீங்க" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு என் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியை நேராக்கினார்.

திரும்பும்போது ஹட்டன், கினிகத்தேன வழி. இறக்கத்திலும் வளைவுகள்தான். அவிசாவளை வரும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கொட்டாஞ்சேனைக்கு வந்து ருவனுக்கு அழைப்பு எடுத்து இரண்டு ஆள் என்றேன். எப்படிச் சரிசெய்தோம் என்றும் சொன்னேன். ருவன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அக்கா, ஒரு விஷயம். அந்த உயரத்தில கதைக்க ஏலாது. காத்து இல்ல. அய்யா அப்பிடிக் கதைச்சா மூச்சு போயிடும்."

தயாபரன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகம் விழுந்துவிட்டது.

"அப்ப முடக்கு வந்தா?" என்றார் கட்டிய தொண்டையால்.

"நான் சொல்றேன்" என்றேன். "இடது. வலது. நீங்க அந்தத் தோளுக்கு மேலால பாருங்க."

"அவ்வளவுதானோ?"

"என்னால அங்க அவ்வளவு கதைக்க முடியும்."

ருவனிடம் இரண்டு டிக்கெட் என்று மறுபடி சொல்லி வைத்தேன்.

திங்கள் காலை வழமை போல வெள்ளவத்தைக்குப் போனோம். மூன்று நாள் மணலும் மலையும் பார்த்த கண்ணுக்குக் காலி வீதி ஒரு அளவுகோல் போலத் தெரிந்தது. இங்கே பயிற்சிக்கு வளைவு இல்லை. இருக்கிற திருப்பம் எல்லாவற்றிலும் கத்திப் பழகினேன். காலிமுகத்திடலுக்கு முன்னால் "இடது" என்றேன். அவர் இடது தோளுக்கு வந்தார். கடை ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் "வலது" என்றேன். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரப் பெடியன் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, சிக்னல் போட்டாலே போதும். ஏன் கத்துறீங்க?"

தயாபரன் என் வலது தோளுக்கு மேலால் அவனைப் பார்த்தார்.

"தம்பி, சிக்னல் உமக்கு. சத்தம் எனக்கு."