நாய் எப்போது முட்டை போட்டது?

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் எனக்கு ஃபாஸ்ட்ஃபுட் தள்ளுவண்டி. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு, வண்டியில் சீன எழுத்து வேண்டும் என்று ஆசை. சார்ஜ் லைட் வந்த அட்டைப்பெட்டியில் சிவப்பாக நாலு எழுத்து இருந்தது. பெயின்டர் அதைப் பார்த்து அப்படியே பலகையில் வரைந்து தந்தார்.

ஒருநாள் சாயங்காலம், வழக்கமாக வரும் சுரங்கத்துக் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து பலகைக்கு நேரே பிடித்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா தம்பி போட்டுக்கீது?"

"மொதல்ல ஒரு எக் ரைஸ் போடுண்ணே. சாப்ட்டுகினே சொல்றேன்."

முட்டையை உடைத்தபடியே யோசித்தேன். நாய்க்கறி என்று எழுதியிருந்தால்? ஷிப்ட் மாறுவதற்குள் மைன்ஸ் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் இந்த வண்டிப் பக்கம் எவன் வருவான்? பக்கத்தில் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"நம்ம வண்டியில கறியே கெடையாது, முட்டதான். நாய் எப்போங்க முட்ட போட்டுது?" என்றாள்.

அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனைக் காட்டினார். 'கவனம், மெதுவாக வைக்கவும்.' பெட்டிக்காரன் லைட்டுக்காக எழுதியது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் இதத்தான் சொல்லிகினு கீறேன். சீனாக்காரன் சொன்னாத்தான் கேப்பீங்களா?" என்றாள் மனைவி.

"மொத எழுத்து சியாவ். சின்னதுன்னு அர்த்தம்" என்றார் அவர். "அடுத்த எழுத்தோட சேத்தா 'சின்ன மனசு'. கவனத்துக்கு அவங்க அப்பிடித்தான் சொல்வாங்களாம்."

என் மனசின் அளவு சீனா வரைக்கும் எப்படித் தெரிந்தது?

"தெருவுல விக்கிறவங்களுக்கு சியாவ்ஃபான்னு பேரு. அதுக்கும் அதே மொத எழுத்துதான். மீதிய மட்டும் மாத்திடுண்ணே."

மறுநாளே பெயின்டர் வந்து, அந்தத் தொழிலாளி என் போனுக்கு அனுப்பியிருந்த எழுத்தைப் பார்த்து மாற்றி எழுதினார். இனி யாருக்கும் நாய்ச் சந்தேகம் வரக்கூடாதென்று, கீழே தமிழிலும் 'சியாவ்ஃபான்' என்று பெரிதாகப் போடச் சொன்னேன். அங்கேதான் கெட்டது.

சாயங்காலம் பைக்கில் இருவர் வந்து நின்றார்கள். பலகையைப் பார்த்தார்கள்.

"அண்ணே, புது ஐட்டமா? ரெண்டு சியாவ்ஃபான். ஒண்ணுல காரம் கம்மியா."

அது நான்தான் என்று எப்படிச் சொல்வது? மனைவியைப் பார்த்தேன்.

"எங்கிட்ட இருக்கறதே ஒண்ணுதான்" என்று முணுமுணுத்துவிட்டு, அவள் முட்டைத் தட்டை என் பக்கம் தள்ளினாள். எக் ரைஸிலேயே கூட ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மேலே வெங்காயத்தாளைத் தூவிக் கொடுத்தேன்.

"சூப்பர்ண்ணே! நாளைக்கு ஆளுங்கள இட்டாறோம்."

நாய்க் கவலை போயிற்று. நாளைக்கும் இதே ருசி வரவேண்டுமே என்ற கவலை வந்துவிட்டது.