ராணி இரண்டு முறை செத்தாள்

என் சித்தப்பா எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷ் வாத்தியார். எலிசபெத் ராணி காலத்து நாடகங்கள் என்றால் அவருக்கு உயிர். எங்களுக்கோ அந்தப் பாடம் என்றாலே பயம். எங்கள் பயத்தைப் போக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். விஷம், வாள், பேய், சந்தேகம் பிடித்த ராஜா என்று அந்த நாடகங்களில் வருகிற சங்கதிகளை எல்லாம் போட்டுக் குழப்பி, பத்து நிமிடச் சிரிப்பு நாடகமாகத் தமிழில் எழுதி, நடுநடுவே இங்கிலீஷ் வசனத்தைத் தூவிவிடுவார். வருஷா வருஷம் ஆண்டு விழாவில் அப்படி ஒன்று மேடையேறும்.

எழுபதுகளின் கடைசியில், நான் ஏழாவது படித்தபோது, ராணி வேஷம் என் தலையில் விழுந்தது. மாட்டவே மாட்டேன் என்று அழுதேன்.

"அந்தக் காலத்துல இங்கிலாந்துலயே பசங்கதாண்டா ராணி வேஷம் கட்டுவாங்க. ஏன், நம்ம ஊரு கூத்துல கட்டலியா?" என்று சித்தப்பா என் வாயை அடைத்துவிட்டார்.

அம்மாவுக்கோ சேதி கேட்டதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேரும் ஆண்பிள்ளைகள். கடைசித் தம்பி அப்போது கைக்குழந்தை. விழாவன்று காலையிலேயே பெரிய கோயில் வாசலுக்குப் போய் மல்லி மொட்டும் கனகாம்பரமும் வாங்கி வந்தாள். ஒவ்வொரு பூவாக வாழைப்பட்டையில் தைத்து, சவுரியோடு சேர்த்து, இடுப்புவரை தொங்குகிற பூச்சடை செய்தாள். அதை என் கிராப்புத் தலையில் நாடாவால் இறுக்கிக் கட்டி, கட்டு தெரியாமல் அட்டைக் கிரீடத்தை வைத்தாள். தன் கல்யாணப் புடவையை மடித்து உடுத்திவிட்டாள்.

"நாடகம் முடிஞ்சதும் எதையும் கழட்டிடாதடா கண்ணு. நேரா தேரடி ஸ்டுடியோவுக்குப் போயி ஒரே ஒரு போட்டோ புடிச்சிக்கலாம். கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்னா மூஞ்சியும் தெரியும், சடையும் தெரியும்."

சரி என்று தலையாட்டினேன்.

கதைப்படி ராஜா விஷம் கொடுப்பார். ராணி அதைக் குடித்துவிட்டு, "சக்கரை கம்மி" என்று குறை சொல்லிச் சாக வேண்டும். கைதட்டல்கூட வாங்கினேன். தடாலென்று மல்லாந்து விழுந்து கண்ணை மூடினேன். அப்போது முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல்:

"டேய், சடை மேல படுக்காதடா! பூவெல்லாம் நசுங்கிடும்!"

நான்தான் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளையாயிற்றே! செத்த ராணி எழுந்து உட்கார்ந்தாள். சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். மறுபடி படுத்துச் செத்தாள்.

பந்தலே அதிர்ந்தது. ராஜா வசனத்தை மறந்து சிரித்தான். "அடடா, இத நான் எழுதலியே!" என்று சித்தப்பா தொடையைத் தட்டிக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. மேடையை விட்டு இறங்கினால், "ராணியம்மா, சடை பத்திரம்!" என்று பசங்கள் பின்னாலேயே வருகிறார்கள். குழாயடிக்கு ஓடி, சடையைப் பிய்த்துச் சேற்றில் போட்டு மிதித்தேன். பவுடர், மை, பொட்டு எல்லாம் போக முகத்தைக் கழுவினேன்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா தேடி வந்தாள். சேற்றில் கிடந்த சடையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"போட்டோ புடிக்கலாம்னு சொன்னேனேடா."

"எல்லாம் உன்னாலதான்!" என்று கத்தினேன்.

"ஆமாண்டா. நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும்" என்று என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். அதற்கப்புறம் போட்டோவைப் பற்றி அவள் பேசவே இல்லை.

தம்பி பிறந்த கையோடு அம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தார்கள். அம்மா பத்து நாள் படுத்திருந்தாள் என்பதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. தனக்கு இனிமேல் பெண் பிறக்காது என்று அவளுக்குத் தெரியும். அன்று ஒரே ஒரு சாயங்காலம் அவளுக்கு ஒரு மகள் கிடைத்திருந்தாள். அவளைத்தான் குழாயடியில் கழுவிவிட்டேன் என்று பாவி எனக்கு அப்போது தெரியாது.