நான் இல்லாத காலண்டர்

எங்கள் பெண்கள் கால்பந்து கிளப் முதல்முறையாகத் தேசியப் போட்டியில் ஆடிய வருஷம், நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர்களுக்குத் தகரப்பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். பகலில் தகரம், சாயங்காலம் பந்து. அந்த சீசன் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தோற்ற அன்றைக்கும் ரயிலில் சிரித்துக்கொண்டேதான் ஊர் திரும்பினோம். தோற்றதுதான் அதிகம்.

கிளப்புக்குச் செலவழித்தவர் எங்கள் அச்சக முதலாளி. ஊருக்கே அண்ணாச்சி. ஆடிப் பதினெட்டன்று எல்லா அச்சகமும் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளை வெளியிடும். அண்ணாச்சி அதோடு எங்கள் அணிப் படத்தையும் ஒரு காலண்டராகப் போட்டுவிட்டார். கீழே கொட்டை எழுத்தில் ‘தேசியப் போட்டியில் இரண்டாம் ஆண்டு’. அப்போது முதலாம் ஆண்டே முடியவில்லை. கடைசி மேட்ச் பாக்கி. அதில் டிராவாவது ஆகாவிட்டால் அடுத்த வருஷம் போட்டியில் எங்களுக்கு இடமே கிடையாது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பி.டி. டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணாச்சி அசரவில்லை.

“காலண்டர் சீசன் சூடுபிடிச்சா மெஷின் கெடைக்காது டீச்சர். சும்மா கெடக்கையில ஓட்டிட்டேன். இனி நீங்கதான் பாத்துக்கிடணும்.”

ஒரே வாரத்தில் டீக்கடை, சலூன், சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் கேண்டீன் என்று எங்கு பார்த்தாலும் அது தொங்கியது. அடுத்த வருஷத்துக்கானது என்று யாரும் யோசிக்கவில்லை. அத்தனைக்கும் தகரம் அடித்தவள் நான். படத்தில் இல்லாத ஒரே ஆளும் நான்தான். படம் எடுத்த அன்று பங்குனிக் கடைசி வெள்ளி. நான் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் அம்மாவோடு அக்கினிச்சட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தில் வீட்டுக்கு ஒரு காலண்டர்கூடக் கொண்டுபோகவில்லை.

கடைசி மேட்ச் விருதுநகரில் நடந்தது. ஒரு கோல் வாங்கிவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தோம். முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பின்னால் நின்று தடுத்தே பழகிய என்னையும் டீச்சர் முன்னே விரட்டினார். யாரோ இடித்தார்கள், நான் தடுமாறிக் குனிந்தேன், பந்து என் பிடரியில் பட்டு வலைக்குள் போனது. நான் அதைப் பார்க்கவே இல்லை. ஊர் போட்ட கூச்சலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மொத்த அணியும் என்மேல் விழுந்தது. வாயெல்லாம் மண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தேன்.

டிராதான். ஆனாலும் அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தார்.

“ஏத்தா, என் காலண்டரக் காப்பாத்திட்டயே. அதுல நீ எங்கன நிக்க?”

“நான் அதுல இல்ல அண்ணாச்சி.”

மடித்துக்கட்டிய வேட்டியை அண்ணாச்சி மெல்ல இறக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் அந்தக் காலண்டர். டீக்கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள். கோல்கீப்பருக்குப் பக்கத்தில், சோற்றுப் பருக்கையால் ஒட்டிய என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எப்போது ஒட்டினாய் என்று கேட்டேன்.

“ஆடியிலயே ஒட்டிட்டேன். நீ இல்லாம எப்பிடி ரெண்டாம் வருசம் ஆடுவாளுக?” என்றாள்.