கை தூக்காத கிராம சபை

நான் ஊராட்சித் தலைவராக இருந்த ஐந்து வருஷத்தில் எங்கள் ஊர்க் கிராம சபைக்கு ஆள் சேரவில்லை என்று ஒருமுறைகூட ஆனதில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வராவிட்டால் அடுத்த வாரம் வேலை கிடைக்காது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. கிடைக்கும் என்றும் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாமியானா போட்டிருக்கும். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நிலம் வைத்திருக்கிற வீட்டு ஆண்கள், பின்னால் ஜமக்காளத்தில் இந்தப் பெண்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானத்தை வாசிப்பார். நான் கை தூக்குவேன், அவர்களும் தூக்குவார்கள். தெருவிளக்கோ கால்வாயோ, எதுவானாலும் அப்படித்தான். வாசித்தது என்னவென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சில சமயம் எனக்கே தெரியாது.

பதவி எங்கள் ஊரில் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால் எனக்கு வந்தது. என் வீட்டுக்காரர் கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஓட்டுகிறவர். "நீ சும்மா நில்லு, ஜெயிச்சா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் நிறுத்தினார். ஜெயித்த பிறகு ஒருநாள் ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நாலு பேர் எதிரில் எழுப்பிவிட்டேன். அப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வாய் நீளம், கோபமும் அதிகம். அதைத் தைரியம் என்று நினைத்து ஊர் ஓட்டுப் போட்டுவிட்டது.

பதவிக்காலம் முடியப் போகிற சமயத்தில், எங்கள் ஊரைத் திருத்தணி நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சேர்ந்தால் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரும், ரோடு அகலமாகும், கழனியெல்லாம் மனையாகி விலை ஏறும் என்றார்கள். தண்ணீர் என்றதும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு மேல்நிலைத் தொட்டிக்காக நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஆனால் நகராட்சிக்குள் போய்விட்டால் நூறு நாள் வேலை நின்றுவிடும். அது கிராமத்துக்கு மட்டும் உள்ள வேலை.

அந்த வேலை போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் வெளியே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருக்கிறார். புருஷன் இல்லை. முட்டி தேய்ந்து போய், குனிந்து நாற்று நட முடியாது. ஏரிக்கரையில் மண் அள்ளிப் போடுகிற வேலையைக் கொஞ்சம் நின்று கொஞ்சம் உட்கார்ந்து செய்துவிடுவார். அவர் பேரில் பேங்கில் விழுகிற காசு அது ஒன்றுதான். மகன் வீட்டில் சோறு உண்டு. மருமகள் எதிரில் அதைத் தலை நிமிர்ந்து சாப்பிட அந்தக் காசு தேவையாக இருந்தது. அவரைப் போல ஜமக்காளத்தில் பாதிப் பேர்.

ஆகவே, சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவருவதில் எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பியது நைனா. ஊரில் அதிக நிலம் உள்ளவர், ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். கெட்டவர் இல்லை. அங்கன்வாடிக்கு இடம் கொடுத்தவர். கிராம சபைக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டவுனோட சேர்றதுதாம்மா ஊருக்கு நல்லது. பசங்க இன்னும் எத்தினி நாளைக்குக் கழனியிலயே கெடக்கறது? நீ எதிர்த்துத் தீர்மானம் போட்டா ஜனங்க இன்னா பேசும் தெரியுமா? அடுத்த வாட்டி நிக்க நாற்காலியே இல்லாம போயிடுமேன்னு பயந்துகினு பண்றான்னுதான் பேசும்."

"யாருங்க அப்டி பேசறது?"

"டீக்கடைல எல்லாருந்தான் பேசிகினு இருக்காங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாற்காலிக்கு ஆசைப்படுகிறவள் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. ராத்திரியெல்லாம் புரண்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். தீர்மானத்தை வைப்பேன், ஆனால் எந்தப் பக்கமும் பேச மாட்டேன், கையும் தூக்க மாட்டேன். ஊர் தானாகச் சொல்லட்டும். நடுநிலை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன். திடீரென்று பெரிய மனுஷி ஆகிவிட்டது போல நிம்மதியாக இருந்தது.

அன்றைக்குக் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். முன்னால் இருந்தவர்கள் சேருவதால் வரும் நன்மைகளைப் பேசினார்கள். ஜமக்காளத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து, "என் கருத்துன்னு எதுவும் இல்ல. ஊரு இன்னா சொல்லுதோ அதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சேக்கக் கூடாதுன்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் செயலர்.

ஒரு கைகூட எழவில்லை.

கேட்கவில்லையோ என்று அவர் இன்னொரு தரம் சொன்னார். அப்போதும் எழவில்லை. நான் ஜமக்காளத்தைப் பார்த்தேன். என் நாத்தனார் முன்னாலேயே உட்கார்ந்து என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளும் அங்கேதான் பார்த்தாள். அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்ளோதாம்பா, யாருக்கும் எதிர்ப்பு இல்ல. எழுதிக்க" என்றார் நைனா. செயலர் பேனா மூடியைத் திருகினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கள் வேலைக்குத் தாங்களே கை தூக்கத் தெரியாதா என்று அவர்கள் மேல்தான் கோபம். வேறு வழி தெரியாமல் கையைத் தூக்கினேன். என் கை முழுசாக எழுவதற்குள் ஜமக்காளம் மொத்தமும் கை தூக்கிவிட்டது. "நான் சொன்னேனா இல்லியா, நாற்காலி ஆசைன்னு" என்று நைனா பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே எழுந்து போனார். யாரோ சிரித்தார்கள்.

தீர்மானம் நிறைவேறி மேலிடத்துக்குப் போனது. அப்புறம் என் பதவிக்காலமும் முடிந்தது. ஊர் இதுவரை கிராமமாகவே இருக்கிறது. எங்கள் தீர்மானத்தாலா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் முன்போலத்தான் முறை வைத்து வருகிறது. குடத்தோடு காத்து நிற்கிற காலைகளில், அன்று செய்தது ஊருக்கு நல்லதா கெட்டதா என்று இன்னும் யோசிக்கிறேன். நைனா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆனால் கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் எனக்கு யோசனை எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. சண்டை போடுவதற்கென்றே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"போறது உங்க வேலைதானே அண்ணி? நான் தூக்கலன்னா நீங்க தூக்க மாட்டீங்களா? நீங்கல்லாம் இன்னா ஆடு மாடா?"

அவர் அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார்.

"அன்னிக்கி நைனா உங்க வூட்டாண்ட வந்துட்டுப் போனாரில்ல. அன்னிலேர்ந்து உன் மொகமே சரியில்ல. உன்ன எதுலயோ மாட்டி வுட்டுட்டாங்க, வாயத் தொறக்க முடியாம இருக்கறன்னு நெனச்சோம். ஏரிக்கரையிலயே பேசிகினோம், நீ கை தூக்கலன்னா நாங்களும் தூக்கறதில்லன்னு."

"வேலை போயிடுமே."

"ஆங், போவும். தெரிஞ்சிதாம்மே வந்தோம். நாங்க தூக்கினா நீதான் தூண்டி வுட்டேன்னுவாங்க. எங்களால உனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதில்ல."

டீக்கடையில் நாலு பேர் பேசுவார்களே என்று நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆடு மாடா என்று கேட்டதற்கு அவர் கோபப்படக்கூட இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.