எண்ணெய் படாத ஹெட்போன்

இராயபுரத்தில் அம்புரோஸ் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். காது அம்புரோஸ் என்று விசாரித்தால்தான் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் கூட்டிக்கொண்டுபோய் அந்த ஓட்டு வீட்டில் விடுவார்கள். துறைமுகத்தில் டெலிபோன் மெக்கானிக். கிரேனில் இருப்பவனுக்கும் கப்பல் தளத்தில் நிற்பவனுக்கும் நடுவே ஓடும் லைனில் கரகரப்பு வந்தால் போதும், ரிசீவரைக் காதில் வைத்த மாத்திரத்தில் எந்தப் பெட்டிக்குள் எந்த இணைப்பு துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு மனுஷன் கோட்டை விட்ட கதை இது.

எழுபத்தேழாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஜப்பான் கப்பல் வந்து நின்றது. அதில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன், கப்பல் டெலிபோனைச் சரிசெய்து கொடுத்ததற்காக அம்புரோஸ் கையில் ஒரு ஹெட்போனைத் திணித்தான். ஒரு பக்கம் ஊமை. வீட்டுக்கு வந்து திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்த ஹெட்போன்களில் எல்லாம் உள்ளே காகிதக் குடை ஒன்று இருக்கும், அது அதிரும். இதில் குடையே இல்லை. வெங்காயச் சருகு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கோலம் போட்டதுபோல அலுமினியக் கோடு, முன்னும் பின்னும் ஓட்டை போட்ட காந்தத் தட்டு. தட்டையான தாள் முழுவதும் ஒன்றாக அசைந்து பாடுகிற சாதனம் அது.

அறுந்த கோட்டை ஒட்டவைக்க ஒரு மாதம் ஆயிற்று. ஒட்டியபின் ஒலித்தது. ஆனால் அவருக்குப் போதவில்லை. மேல் சுருதி குத்தியது, மிருதங்கத்தின் இடது பக்கம் சோர்ந்து கேட்டது. அதன்பிறகு பிடித்தது பைத்தியம். மூர் மார்க்கெட்டில் பழைய துரைத் தொப்பி ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் கம்பளியை வட்டமாக வெட்டி, பிளேடால் சீவிச் சீவிக் காந்தத் தட்டுக்குப் பின்னால் வைத்தார். கேட்டார், கழற்றினார், மறுபடி சீவினார். காதில் படும் மெத்தைக்கு ரப்பர், ஸ்பாஞ்சு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் இலவம்பஞ்சில் வந்து நின்றார். பஞ்சு எங்கே கிடைத்தது? பெண்டாட்டி அடைக்கலமேரியின் தலையணையில்.

"ஊர்ல பஞ்சே இல்லியா? என் தலகாணிதான் கெட்ச்சுதா உனக்கு?" என்றாள் மேரி. சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து இரண்டு வளையங்களையும் பொடித் தையலாகத் தைத்துக் கொடுத்தாள்.

அந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ. மயிலாப்பூரிலிருந்து வக்கீல் நீலமேகம் வந்தார். வெளிநாட்டு ரெக்கார்டுகளாக வாங்கிக் குவிப்பவர். இதே கம்பெனி ஹெட்போன் புத்தம்புதிதாக அவரிடமே ஒன்று இருந்தது. அதையும் கையோடு கொண்டுவந்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன்னுடையதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"அம்புரோஸ், வீணை வாசிக்கிறவர் விரல் தந்தி மேல உரசிக்கிட்டுப் போகுது பாருங்க, அந்தச் சத்தம்கூடக் கேட்குது. என்னோடதுல வீணைதான் கேட்குது. இதுல விரல் கேட்குது" என்றார்.

அடுப்பங்கரை வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்த மேரிக்கு அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. வக்கீல் போனதும் கேட்டாள்: "எல்சி நைனா, அந்த வெரலு சத்தத்த எனக்கும் ஒரு தபா போட்டுக் காட்டேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். பட்டுப்புடவை கேட்கவில்லை, வளையல் கேட்கவில்லை. பெண் எல்சியைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபிறகு அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அம்புரோஸ் அவள் தலையைப் பார்த்தார்.

"எண்ணெத் தலையோட எப்டி? பஞ்சு எண்ணெயக் குடிச்சிச்சின்னா சத்தம் செத்துடும். ஞாயித்துக்கெழம தல குளிச்சிட்டு வா, போட்றேன்."

இது அவர் எல்லோருக்கும் போட்டிருந்த சட்டம். முதல் மெத்தையை யாரோ ஒரு ரயில்வே நண்பர் எண்ணெய் வழியும் தலையோடு மாட்டிக் கெடுத்துவிட்டார். அதிலிருந்து, சீயக்காய் போட்டுக் குளித்துத் தலையைக் காயவைத்துக்கொண்டு வருபவர்களுக்குத்தான் ஹெட்போன். ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில், பறந்த தலையோடு பெரிய மனுஷர்கள் சந்துக்குள் நுழைவார்கள். பக்கத்து வீட்டுப் பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "இன்னா யக்கா, உங்க வூட்ல எதுனா கருமாதியா? எல்லாம் தலகாஞ்சவனா வந்துகினு கீறானுங்க!"

மேரிக்கோ எண்ணெய் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. தண்டையார்பேட்டையில் தகர டப்பா செய்கிற கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாக வேலை. தகரத்தை அழுத்தி வெட்டும் அச்சு இயந்திரங்கள் நாள் முழுக்கத் தடால் தடால் என்று இறங்கும். சாயங்காலம் வந்ததும் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்து அழுத்தினால்தான் மண்டையிடி அடங்கும்.

இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை குளித்தாள். முந்தின நாள் சாயங்காலமும் எண்ணெய் வைக்காமல் வலியைப் பொறுத்துக்கொண்டாள். கூந்தலை விரித்துப்போட்டு, பூசைக்குக் கட்டிய வாயில் புடவையோடு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அம்புரோஸும் ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் வக்கீல், கூடவே பெங்களூரிலிருந்து வந்த அவர் நண்பர்.

"மேரி, நீ அப்பறமாக் கேளு. ரெண்டு காபி போடு" என்றார் அம்புரோஸ்.

இரண்டு காபி நாலு காபி ஆயிற்று. பெங்களூர்க்காரர் கண்ணை மூடியவர் மூன்று ரெக்கார்டு முடியும்வரை திறக்கவில்லை. இதேபோல எனக்கும் ஒன்று செய்துகொடுங்கள் என்று கெஞ்சினார். அந்தத் தொப்பி தீர்ந்துவிட்டது, வேறு கம்பளியில் இந்த ஓசை வராது என்று அம்புரோஸ் பெருமையாகக் கையை விரித்தார். அவர்கள் கிளம்பியபோது மணி மூன்று. அடுப்பங்கரையில் மேரி தலையில் எண்ணெய் வைத்து இறுக்க முடிந்துகொண்டு வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அட, எண்ணெ வெச்சிட்டியா? சரி, அடுத்த வாரம்" என்றார். அவள் மீனைத் திருப்பிப் போட்டுக் கழுவினாள்.

அந்த அடுத்த வாரம் ஒன்றரை வருஷம் வரவேயில்லை. இடையில் மேரியின் குரல் உயர்ந்தது. கம்பெனிப் பொம்பளைகள் எல்லாரும் கத்தித்தானே பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டார். சர்ச்சில் பாடும்போது எல்லோரும் அடுத்த அடிக்குப் போனபிறகும் அவள் பழைய அடியிலேயே நின்றாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, முழங்கையால் இடித்தார். வீட்டில் முதுகுப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. கோபம் என்று நினைத்தார். "காது இன்னா செவுடா? எத்தினி தபா கூப்புட்றது?" என்று எரிந்து விழுந்தார். இடது பக்கக் கம்பளி வலது பக்கத்தைவிட ஒரு மயிரிழை தடிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற ஆள்தான் இத்தனையும் பேசினார்.

எண்பதாம் வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மேரி மத்தியானமே வீடு வந்தாள். "வேலைய வுட்டுட்டேன்" என்றாள். ஏன் என்று அவர் நோண்டவில்லை. போதும், இத்தனை வருஷம் தகரத்தோடு மாரடித்தது என்று மனதுக்குள் நிம்மதிகூடப் பட்டார். நாலு நாள் கழித்து அவள் தலை குளித்துவிட்டு வாசலில் கூந்தலைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சனிக்கிழமை, யாரும் வரமாட்டார்கள். திடீரென்று பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. எதிரே போய் நின்று, "வா மேரி, வெரலு சத்தம் கேக்கலாம்" என்று ஹெட்போனை ஆட்டிக் காட்டினார்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கல்யாணப் பெண் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரே மாட்டிவிட்டார். அவள் தைத்த வளையங்கள் அவள் காதில் முதல்முறையாகப் படிந்தன. வீணை ரெக்கார்டைச் சுழலவிட்டு, முள்ளில் ஒட்டியிருந்த தூசியை ஊதுவதற்காக அதை ரெக்கார்டில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஐயோ, சூப்பரா கீதுய்யா!" என்று மேரி கத்தினாள். கண்ணை மூடியிருந்தாள். "வெரலு சத்தம்கூட நல்லாக் கேக்குது!"

முள் இன்னும் அம்புரோஸ் கையில்தான் இருந்தது.

முள்ளை மெதுவாக இறக்கினார். சத்தத்தைக் கூட்டினார். மெத்தைகளின் இடுக்கு வழியாக வீணை கசிந்து அறை முழுக்கக் கேட்டது. மேரி முகத்தில் அதே சிரிப்பு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணைத் திறந்தவள், முள்ளில் இருந்த அவர் கையையும் பிறகு அவர் முகத்தையும் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஹெட்போனைத் தானே கழற்றி, பஞ்சில் விரல் படாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கம்பெனில பெல்லு அட்ச்சது தெரில. அச்சுல கையி மாட்டப் பாத்துது. வராதேன்ட்டாங்க" என்றாள்.

"எப்லேந்து?" அவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"சட்டுனு சொல்ல முடியுமா? கொஞ்சங் கொஞ்சமாத்தான் போச்சு." கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "அன்னிக்கு ஒரு ஞாயித்துக்கெழம தல குளிச்சிட்டு வந்து நின்னனே. அன்னிக்குப் போட்டிருந்தீன்னா கேட்டிருக்கும்."

அம்புரோஸ் தரையில் உட்கார்ந்து அழுதார். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காதின் உள்நரம்பு போனது போனதுதான் என்றார்கள்.

மறுவாரம் வக்கீல் தலையைக் காயவைத்துக்கொண்டு வந்தபோது ஹெட்போன் மேசைமேல்தான் இருந்தது. வளையங்கள் இரண்டும் தையல் பிரிந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் சுருங்கிக் கிடந்தன. பஞ்சை அம்புரோஸ் பழையபடி மேரியின் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டிருந்தார். வக்கீல் துடித்துப்போனார். என்ன அக்கிரமம், எங்கிருந்தாவது நல்ல பஞ்சு தருவிக்கிறேன், மறுபடி தையுங்கள் என்று மன்றாடினார். அம்புரோஸ் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "மேரி, சாருக்குக் காபி" என்றார்.

மேரி முதுகைக் காட்டிக்கொண்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எழுந்து உள்ளே போனார். சுற்றிக்கொண்டு அவளுக்கு எதிரே போய்க் குந்தி, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு மறுபடியும் அதையே சொன்னார்.